அம்மோனைட் பாலிஷ்: மெஷின் இல்லாமல் கையாலேயே பளபளப்பாக்க முழுமையான வழிகாட்டி

இரண்டாக அறுத்த அம்மோனைட்டின் (உள்ளே அறை அறையாகப் பிரிந்த சுருள் ஓட்டுக் கடலுயிரியின் புதைபடிவம்) ஒரு பாதியோ, ஆர்த்தோசெராஸ் (அதன் உறவான நேர் ஓட்டு உயிரி) தெரியும் கறுப்புச் சுண்ணாம்புக்கல் துண்டோ கையில் இருக்கிறது, இன்னும் கரடாகத்தான் இருக்கிறது, மெஷின் எதுவும் இல்லை, ஆனால் அலமாரியில் வைத்துப் பார்க்கிற அளவுக்கு மினுக்க வேண்டும். இந்த வழிகாட்டி அதற்குத்தான்.

புதிதாக இறங்குகிறவர்கள் எல்லாரும் முதலில் கேட்பது கடைசிப் பொடியைப் பற்றி. எந்தப் பாலிஷ் நல்லது, எதைத் தடவினால் கண்ணாடி மாதிரி வரும் என்று. பளபளப்பு வருமா வராதா என்பது அதற்கு வெகு முன்னாலேயே, வாட்டர் பேப்பரின் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள், நம்பர் ஏற ஏறத் துகள் நுண்மையாகும்) 220 நம்பருக்கும் 400 நம்பருக்கும் நடுவில் முடிவாகிவிடுகிறது. அங்கே விட்ட கீறலை எந்தப் பொடியாலும் மறைக்க முடியாது. அதனால் வரிசையை மாற்றாமல் போங்கள். நேரம் இல்லாத நாளில் தொடங்கவே வேண்டாம்.

1. முதல் கல்லாக எதை எடுப்பது

கையால் தேய்க்கத் தோதானது கால்சைட் என்ற சுண்ணாம்புக் கனிமத்தாலான புதைபடிவம். மோஸ் கடினத்தன்மை அளவில் கால்சைட் 3, அம்மோனைட் ஓட்டில் மிஞ்சியிருக்கும் அரகோனைட் 3.5 முதல் 4. வாட்டர் பேப்பரில் ஒட்டியிருக்கும் சிலிக்கன் கார்பைடு 9-க்கும் மேல். அதனால் பேப்பர் கல்லைச் சுலபமாக அரிக்கும். சிலிக்கா ஏறிப்போன புதைபடிவம் 7-க்குப் பக்கத்தில் இருக்கும். அதைக் கையால் தேய்த்து முடிப்பதற்குள் ஆர்வமே போய்விடும்.

எது எது என்று கண்டுபிடிக்கப் பின்பக்கத்து ஓரத்தில் பேனாக்கத்தியால் லேசாகக் கீறிப் பாருங்கள். வெள்ளைப் பொடி உதிர்ந்தால் அதன்மேல் ஒரு சொட்டு வினிகர் விடுங்கள். நுரைத்தால் கால்சைட்தான். பார்த்ததும் கழுவிவிடுங்கள், அமிலம் அங்கேயே நின்றால் அரித்துக்கொண்டே இருக்கும். கத்தி வழுக்கி, நுரையும் வராவிட்டால் அந்தக் கல்லை இப்போதைக்கு ஒதுக்கி வையுங்கள்.

என்னைக் கேட்டால் முதல் கல்லுக்கு மொராக்கோவின் எர்ஃபூத் பகுதியிலிருந்து வரும் ஆர்த்தோசெராஸ் துண்டு நல்லது. கறுப்புச் சுண்ணாம்புக்கல்லில் வெள்ளைக் கால்சைட்டாக நீளமான கூம்பு ஓடு தெரியும். கறுப்புக் கல்லில் ஒவ்வொரு கீறலும் பளிச்சென்று காட்டிக்கொடுத்துவிடும் என்பது கற்றுக்கொள்கிறவருக்கு லாபம். மிச்சிகன் ஏரிக்கரைகளில் கிடைக்கும் பெட்டோஸ்கி கல் இன்னும் எளிது. அது டெவோனியக் காலத்துப் பவளம், பெரும்பாலும் பொந்து இல்லாமல் கெட்டியாக இருக்கும். அங்கே அரசு நிலத்திலிருந்து ஒருவர் ஆண்டுக்கு 25 பவுண்டுக்கு மேல் எடுக்கக் கூடாது என்று விதி இருக்கிறது. இந்த மாதிரி விதி ஒவ்வோர் இடத்துக்கும் ஒவ்வொரு விதமாக இருக்கும், கல்லைக் குனிந்து எடுப்பதற்கு முன்னால் கேட்டுக்கொள்வது உத்தமம்.

மடகாஸ்கரின் மகஜங்கா பகுதியிலிருந்து வரும் அம்மோனைட்டுகள் அழகில் முதலிடம், பொறுமையைச் சோதிப்பதிலும் முதலிடம். அறைக்கு அறை நிரம்பியிருப்பது வேறு வேறு: ஒன்றில் தேன் நிறக் கால்சைட், அடுத்ததில் சேறு இறுகிய கல், அதற்கடுத்தது வெறும் பொந்து. அதை இரண்டாவது கல்லாக வைத்துக்கொள்ளுங்கள்.

முதல் கல்லாக வேண்டவே வேண்டாதவை மூன்று. பைரைட் (இரும்பும் கந்தகமும் சேர்ந்த பொன்னிறக் கனிமம்) ஏறியது: ஈரம் பட்டால் பின்னால் கெடும், தேய்ப்பதோ முழுக்கத் தண்ணீரில். கனடாவின் ஆல்பர்ட்டாவில் கிடைக்கும் அம்மோலைட் (வானவில் வண்ணம் காட்டும் அம்மோனைட் ஓடு): வண்ணம் காட்டும் அடுக்கு பெரும்பாலும் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு, ஒரே தேய்ப்பில் காணாமல் போகும். முழு உருவமாக மேலெழும்பி நிற்கும் ட்ரைலோபைட் (அழிந்துபோன கணுக்காலிக் கடலுயிரி): அதைச் சுத்தம் செய்வார்கள், தேய்த்துப் பாலிஷ் போட மாட்டார்கள்.

2. முன்கூட்டி வாங்கி வைக்க வேண்டியவை

சிலிக்கன் கார்பைடு வாட்டர் பேப்பர் 120, 220, 400, 600, 800, 1200, 2000, 3000. தொடக்க நம்பர்களில் தலா நாலைந்து தாள், மேலே போகப்போக ஒன்றிரண்டு போதும். நிறையப் பேர் இதைத் தலைகீழாக வாங்குகிறார்கள். 3000-த்தில் பத்து, 220-ல் ஒன்று. தேய்ந்துபோன 220 தாளை வைத்துக்கொண்டு எவ்வளவு நேரம் உழைத்தாலும் கல் சூடாவதுதான் மிச்சம்.

இன்னொரு பொறி. சில தாள்களின் நம்பருக்கு முன்னால் பி (P) என்ற எழுத்து இருக்கும், சிலவற்றில் இருக்காது. இரண்டும் வேறு வேறு அளவுமுறை. பி 1200 என்பது எழுத்து இல்லாத 600-க்குக் கிட்டத்தட்டச் சமம், இரண்டிலும் துகள் சுமார் 15, 16 மைக்ரான்தான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு). இரண்டு முறைகளையும் கலந்து வாங்கினால், மேலே போகிறோம் என்று நினைத்துக்கொண்டு ஒரே படியில் நின்றுகொண்டிருப்பீர்கள். எல்லாத் தாளையும் ஒரே முறையில் வாங்குங்கள். இங்கே நான் சொல்லும் நம்பரெல்லாம் பி முறைதான்.

அடியில் வைக்க வளையாத கனத்த கண்ணாடித் துண்டு ஒன்று, ஓரம் மழுக்கியதாக. நீர் போல ஓடும் சூப்பர் க்ளூ. மெதுவாக இறுகும் எபாக்ஸி (இரண்டு பகுதிகளைக் கலந்து இறுகவிடும் பிசின்). பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ். பழைய பல் துலக்கும் பிரஷ், பென்சில், ஸ்டீல் ஸ்கேல், சாய்த்து வைக்கக்கூடிய மேசை விளக்கு. கடைசிக் கட்டத்துக்கு வெள்ளை அலுமினியம் ஆக்சைடு அல்லது டின் ஆக்சைடு பொடி, ஒரு தோல் துண்டு அல்லது ஃபெல்ட் (அழுத்திய கம்பளித் துணி). இரண்டு வாளித் தண்ணீர், ஒன்று கழுவ, ஒன்று அலச.

3. தூசியும் சேறும்

தேய்ப்பது எப்போதும் ஈரத்தில்தான். சுண்ணாம்புக்கல்தானே என்று அசட்டையாக இருக்க வேண்டாம், அதில் நுண்ணிய குவார்ட்ஸ் கலந்திருக்கும், அந்தத் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்பி வராது. உலர்ந்த கல்லைத் தொட்டுத் துடைக்கும் சின்ன வேலைக்கும் என்95 முகக்கவசம் போடுங்கள். வேலை முடிந்ததும் மேசையை ஈரத் துணியால் துடையுங்கள், விளக்குமாறு எடுத்துக் கூட்டினால் படிந்ததெல்லாம் மறுபடி காற்றில் ஏறும்.

வாளியில் சேரும் கல் சேற்றைத் தொட்டியில் கொட்டாதீர்கள். குழாய்க்குள் போய் இறுகி அடைத்துக்கொள்ளும். ஓர் இரவு தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் ஊற்றிவிட்டு, அடியில் தங்கியதைக் காயவைத்துக் குப்பையில் போடலாம். ஒரு சின்னக் கரண்டி அளவு எடுத்து வையுங்கள், அடுத்து வரும் வேலைக்கு அது வேண்டும்.

4. தேய்ப்பதற்கு முன் கல்லைப் பார்ப்பது

முதலில் கரடாக இருக்கும்போதே இரண்டு பக்கமும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பின்னால் அறைகளின் எல்லை எங்கே இருந்தது என்ற சந்தேகம் வரும்போது உதவும்.

அப்புறம் கல்லை நனைத்து, தண்ணீர் வடிந்ததும் கவனியுங்கள். மேற்பரப்பு முழுக்கக் காய்ந்த பிறகும் ஒரு கோடு மட்டும் ஈரமாகவே நிற்கிறதா? அது விரிசல், உள்ளே தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. எல்லா விரிசலையும் பென்சிலால் வட்டமிடுங்கள். மூலையைப் பிடித்து நகத்தால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் கெட்டி, பொத்தென்று கேட்டால் உள்ளே பிளவு.

கடையில் வாங்கிய கல் என்றால் இன்னொரு சோதனை. பஞ்சுக் குச்சியை அசிட்டோனில் தோய்த்து ஓரத்தில் தேயுங்கள். பஞ்சு கறுத்தால் பின்னணிக்குச் சாயம் பூசியிருக்கிறார்கள். புதைபடிவ ஓடும் சுற்றியுள்ள கல்லும் சேரும் எல்லையை லென்ஸ் வழியாகப் பாருங்கள். அங்கே சின்னச் சின்னக் காற்றுக் குமிழ் தெரிந்தால் பிசின் ஊற்றிப் பதித்தது. புறஊதா டார்ச் இருந்தால் இருட்டில் அடித்துப் பாருங்கள், ஒட்டிய இடங்கள் பல நேரங்களில் வேறு மாதிரி ஒளிரும். ஒட்டுவேலை இருந்தாலே போலி என்று அர்த்தமில்லை. உடையாமல் வந்த அம்மோனைட் அபூர்வம். எங்கே ஒட்டியிருக்கிறது என்று தெரியாமல் தேய்க்கப் போவதுதான் பிரச்சினை, பிசின் கல்லைவிட மென்மை என்பதால் அங்கே மட்டும் குழி விழும்.

5. விரிசலும் பொந்தும்: தேய்ப்பதற்கு முன்பே

இந்தப் படியைத் தள்ளிப்போடுகிறவர்கள்தான் அதிகம். முதலில் தட்டையாக்கிவிட்டு அப்புறம் அடைக்கலாம் என்று நினைக்கிறார்கள். பிரச்சினை என்னவென்றால், தேய்க்கும்போது விரிசல் ஓரத்துக் கால்சைட் பொடிப்பொடியாகப் பெயரும். கால்சைட்டுக்கு மூன்று திசையில் பிளவுத்தளம் உண்டு, ஆதாரம் இல்லாத ஓரம் அந்தத் தளங்களில் சட்டென்று தெறிக்கும். தெறித்த துணுக்கு தாளுக்கும் கல்லுக்கும் நடுவில் உருண்டு, நல்லாயிருந்த இடத்தையும் உழுதுவிடும்.

முதலில் கல் முழுக்கக் காய வேண்டும். நனைத்துப் பார்த்த அன்றே பசை விடாதீர்கள், ஓரிரு நாள் காற்றோட்டத்தில் வையுங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சூப்பர் க்ளூ விரிசலின் வாயிலேயே இறுகிவிடும், ஆழத்துக்குப் போகாது, மேலே மூடியது போலத் தெரியும், 220-ல் மறுபடி திறந்துகொள்ளும்.

நீர் போல ஓடும் பசையை விரிசலின் ஒரு முனையில் சொட்டுச் சொட்டாக விட்டால் தானே ஓடும். மறுமுனையில் எட்டிப் பார்க்கும் வரை விடுங்கள். வழிந்ததைப் பஞ்சாலோ பருத்தித் துணியாலோ துடைக்க வேண்டாம், சூப்பர் க்ளூ பருத்தியோடு சேர்ந்தால் சட்டென்று சூடேறிப் புகையும், கை சுடும். அப்படியே விட்டுவிடுங்கள், காய்ந்ததும் தேய்ப்பில் போய்விடும். சீக்கிரம் இறுக வேண்டும் என்று சமையல் சோடா தூவும் பழக்கம் சிலருக்கு உண்டு. இறுகும், சரிதான், ஆனால் கறுப்புக் கல்லில் வெள்ளைத் தழும்பாக நிரந்தரமாகத் தங்கிவிடும்.

பொந்துக்கு எபாக்ஸி. வாளி அடியிலிருந்து எடுத்து வைத்த கல்பொடி இங்கேதான் வேலைக்கு வருகிறது. முதல் கல் என்றால் அந்தப் பொடி இன்னும் இருக்காது, பின்பக்கத்தை 120 நம்பரில் கொஞ்சம் தேய்த்துப் பொடி சேர்த்து, அதையும் கல்லையும் நன்றாகக் காயவைத்துக்கொள்ளுங்கள். எபாக்ஸியில் பொடியைக் கெட்டியாகக் கலந்து பொந்தில் அழுத்தி, மேற்பரப்பைவிடக் கொஞ்சம் மேடாக விடுங்கள். சமமாக நிரப்பினால் இறுகும்போது நடுவில் தாழ்ந்துவிடும். ஐந்து நிமிடத்தில் இறுகும் வகை வேண்டாம், அது கொஞ்சம் ரப்பர் போலவே இருக்கும், பாலிஷ் ஏறாது. மெதுவாக இறுகுவதை ஒரு முழு நாள் விட்டுவிடுங்கள்.

ஓர் அபிப்பிராயம்: படிகம் வளர்ந்த பொந்து அழகாக இருந்தால் அடைக்காதீர்கள். மடகாஸ்கர் அம்மோனைட்டில் வெறும் அறைக்குள் குட்டிக் கால்சைட் படிகங்கள் மின்னும். அந்த அறையின் ஓரத்தை மட்டும் பசையால் உறுதிப்படுத்திவிட்டு, தேய்க்கும்போது சேறு இறங்காமல் இருக்க மெழுகை உருக்கி நிரப்பிக்கொள்ளலாம். எல்லாம் முடிந்த பிறகு வெதுவெதுப்பான நீரில் மெழுகை இளக்கி எடுத்துவிடலாம். கொதிநீர் மட்டும் வேண்டாம், பசை விட்டுப்போகும்.

6. தட்டையாக்குதல்: 120

கண்ணாடியை நனைத்து அதன்மேல் தாளை விரித்தால் தானே ஒட்டிக்கொள்ளும். கல்லின் முகத்தில் பென்சிலால் கட்டம் கட்டமாகக் கோடு போடுங்கள். இப்போது கல்லைத் தாளின்மேல் வைத்து எட்டு வடிவத்தில் நகர்த்துங்கள், தண்ணீர் தெளித்துக்கொண்டே. இருபது இழுப்புக்கு ஒருமுறை கல்லைக் கால் சுற்று திருப்பிப் பிடியுங்கள். யாருக்கும் கை ஒரு பக்கம் அதிகமாக அழுத்தும், திருப்பாவிட்டால் கல் ஆப்பு வடிவத்தில் சாய்ந்துவிடும்.

பென்சில் கோடு எங்கே மிச்சமிருக்கிறதோ அங்கே பள்ளம். எல்லாக் கோடும் அழியும் வரை தேய்த்து, மறுபடி கோடு போட்டு, இந்த முறை நாலைந்து இழுப்பிலேயே எல்லாம் ஒன்றாக அழிகிறதா என்று பாருங்கள். அழிந்தால் தட்டையாகிவிட்டது. சந்தேகம் இருந்தால் ஸ்டீல் ஸ்கேலின் ஓரத்தைக் குறுக்கே நிறுத்தி வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள்.

அறுத்த அம்மோனைட்டில் ஒரு எச்சரிக்கை. சுருளின் நட்ட நடுவில் இருக்கும் முதல் அறை மணல் துகள் அளவுதான், ஒரு மில்லிமீட்டரைக்கூடத் தாண்டாது. அறுப்பு சரியாக நடுத்தளத்தில் விழுந்திருந்தால் மட்டும் அது தெரியும். இன்னும் கொஞ்சம் தேய்ப்போம் என்று அரை மில்லிமீட்டர் அதிகம் போனால் அந்த மையம் அழிந்துபோய், சுருள் எங்கோ நடுவழியில் தொடங்குவது போல இருக்கும். லென்ஸை எடுத்து மையம் தெரிகிறதா என்று அடிக்கடி பாருங்கள். தெரிந்துவிட்டால் அங்கே நிறுத்துங்கள், ஓரத்தில் சின்னப் பள்ளம் மிச்சமிருந்தாலும் பரவாயில்லை. மையம் இன்னும் தெரியவில்லை, அறைகள் மட்டும் மங்கலாகத் தெரிகின்றன என்றால் இன்னும் இறங்கலாம்.

ஓரத்தையும் இப்போதே லேசாக மழுக்கிவிடுங்கள், நாற்பத்தைந்து டிகிரி சாய்த்து நாலு இழுப்பு. கூரான ஓரம் பின்னால் தெறித்து உயர் நம்பர் தாளில் விழுந்தால் அது வேறு கதை.

7. எல்லாம் முடிவாகும் இடம்: 220, 400

ஒவ்வொரு நம்பரும் முந்தைய நம்பர் போட்ட கீறலை அழிப்பதற்காக மட்டுமே. 120 தாளின் துகள் சுமார் 125 மைக்ரான், 220-ல் 68, 400-ல் 35. கீறல் ஆழமும் அதற்கேற்ப ஏறக்குறைய பாதி பாதியாகக் குறையும். நடுவில் ஒன்றைத் தாண்டினால் ஆழமான கீறலை நுண்ணிய தாளால் அழிக்க மணிக்கணக்கில் உட்கார வேண்டிவரும், யாரும் உட்காருவதில்லை, பாதியில் விட்டுவிடுவார்கள். அங்கேதான் எல்லாப் பாலிஷும் கெடுகிறது.

எட்டு வடிவம் இனி வேண்டாம். 220-ல் ஒரே திசையில், மேலும் கீழுமாகத் தேயுங்கள். 120-ன் சுழல் கீறல்கள் எல்லாம் போய், நேர்க்கோடுகள் மட்டும் மிஞ்ச வேண்டும். 400-க்குப் போகும்போது கல்லைத் தொண்ணூறு டிகிரி திருப்பி, குறுக்காகத் தேயுங்கள். இப்போது பழைய கீறல் நெடுக்காகவும் புதியது குறுக்காகவும் இருப்பதால் எது எதன் மிச்சம் என்று கண்ணுக்கே தெரியும். நெடுக்குக் கீறல் கடைசி ஒன்றும் மறைந்த பிறகு, அதற்கு எடுத்துக்கொண்ட நேரத்தில் பாதியாவது கூடுதலாகத் தேயுங்கள். கீறல் மறைந்தாலும் அதன் அடியில் நொறுங்கிய படலம் கொஞ்சம் இருக்கும், அது போகாவிட்டால் கடைசியில் பாலிஷ் போடும்போது மூட்டமாக எழும்.

ஈரக் கல்லைப் பார்த்து ஏமாறாதீர்கள். தண்ணீர் கீறலை நிரப்பி மறைத்துவிடும், நனைந்த கல் 220-லேயே முடிந்துவிட்டது போலக் கண்ணைப் பறிக்கும். துடைத்து, ஐந்து நிமிடம் முழுக்கக் காயவிட்டு, விளக்கைக் கல்லின் மட்டத்துக்குத் தாழ்த்திப் பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்து பாருங்கள். கல்லைச் சுற்றித் திருப்பிக்கொண்டே பாருங்கள், ஒரு கோணத்தில் தெரியாத கீறல் இன்னொரு கோணத்தில் வெள்ளிக் கம்பி போல மின்னும்.

நம்பர் மாறும்போதெல்லாம் எல்லாவற்றையும் கழுவுங்கள்: கல், பொந்துகள், கண்ணாடி, கை, நக இடுக்கு, வாளித் தண்ணீர். ஒரே ஒரு 120 துகள் 600 தாளில் வந்து விழுந்தால் கல்லுக்குக் குறுக்கே நீளமாக ஒரு கோடு இழுத்துவிட்டுப் போகும், நீங்கள் 220-க்குத் திரும்ப வேண்டும். பென்சிலால் வட்டமிட்ட விரிசல்களை இப்போது மறுபடி பாருங்கள். ஏதாவது திறந்திருந்தால் காயவைத்து, பசை விட்டு, 220-லிருந்து மறுபடி. அலுப்பாகத்தான் இருக்கும்.

அடியில் எப்போதும் கண்ணாடிதான். ஸ்பாஞ்சிலோ விரலிலோ தாளைச் சுற்றித் தேய்த்தால் மென்மையான சேற்றுக்கல் அறைகள் சீக்கிரம் குழிந்து, கெட்டியான கால்சைட் மேடாக நிற்கும். பைரைட் புள்ளி இருந்தால் இன்னும் மோசம். அது 6-க்கு மேல், சுற்றியுள்ள கல் 3. புள்ளி மட்டும் குமிழாக எழும்பி நிற்கும், தடவினால் விரலுக்குத் தெரியும். அழுத்தத்தைக் குறைத்து, புதுத் தாளை எடுத்தால் இந்த வித்தியாசம் குறையும். தேய்ந்த தாள்தான் மென்மையானதை அரித்து, கடினமானதை விட்டுவிடும்.

8. 600 முதல் 3000 வரை

முந்தைய படி சரியாக அமைந்திருந்தால் இது சட்டென்று போய்விடும், ஒவ்வொரு நம்பருக்கும் சில நிமிடம். திசையை மாற்றி மாற்றித் தேயுங்கள், காயவைத்துப் பாருங்கள், கழுவுங்கள். 1200-க்கு மேல் தாள் கல்லில் உறிஞ்சி ஒட்டிக்கொள்ளும், இழுக்க வராது. ஒரு சொட்டு சோப்பு நீரில் கலந்தால் சரியாகும். இங்கே வேகம் கூடினால் கல் சூடாகி எபாக்ஸி இளகும், தாளில் பசைபசையென்று இழுபடும்.

2000 முடிந்ததும் உலர்ந்த கல்லிலேயே ஜன்னல் வெளிச்சம் மங்கலாகத் தெரிய ஆரம்பிக்கும். தெரியாவிட்டால் 3000-த்துக்குப் போய் பயனில்லை, 400-க்குத் திரும்புங்கள்.

9. பாலிஷ் பொடி

தோல் அல்லது ஃபெல்ட் துண்டைத் தட்டையான மரக்கட்டையில் ஒட்டிக்கொள்ளுங்கள். பொடியைத் தண்ணீரில் கெட்டிப்பால் பதத்துக்குக் கரைத்து அதில் தடவி, அழுத்தித் தேயுங்கள். முதலில் வழுக்கிக்கொண்டு போகும், ஒன்றும் நடக்காது. ஈரம் வற்றி, கட்டை கல்லைப் பிடித்து இழுக்கத் தொடங்கும்போதுதான் பளபளப்பு ஏறும். அந்தக் கணத்தில்தான் பலர் பயந்துபோய்த் தண்ணீர் ஊற்றிவிடுகிறார்கள். ஊற்றாதீர்கள். கிட்டத்தட்டக் காயும்வரை தேய்த்து, பிறகு ஒரே ஒரு சொட்டு தெளித்து, மறுபடி. கல் கைக்குச் சுடும் அளவுக்குப் போனால் மட்டும் நிறுத்தி ஆறவிடுங்கள்.

கண்ணாடிக்குப் பயன்படும் சீரியம் ஆக்சைடு கால்சைட்டிலும் வேலை செய்யும். ஆனால் அது பெரும்பாலும் இளஞ்சிவப்பாகவோ பழுப்பாகவோ இருக்கும், வெள்ளைக் கால்சைட்டின் மயிரிழை விரிசலில் போய் உட்கார்ந்தால் எடுக்க முடியாது. அதனால்தான் வெள்ளைப் பொடி கேட்டேன்.

ட்யூப்லைட் வெளிச்சத்தைக் கல்லில் விழவிட்டுப் பாருங்கள். அதன் ஓரம் கத்தி போல நேராகத் தெரிந்தால் முடிந்தது. ஓரம் அலை அலையாக இருந்தால் தட்டையாக்கியது போதவில்லை. நேராகத்தான் இருக்கிறது, ஆனால் மூட்டமாக இருக்கிறதென்றால் 400-ல் அவசரப்பட்டிருக்கிறீர்கள்.

10. வெளிப்புற வளைவு

அறுத்த முகம் முடிந்த பிறகே வெளிப்புறத்தைத் தொடுங்கள். இங்கே கண்ணாடி உதவாது, தாளை விரலில் சுற்றித்தான் தேய்க்க வேண்டும். தேய்ப்பதற்கு முன்னால் ஒரு முடிவு எடுக்க வேண்டும்: வானவில் போல மின்னும் ஓட்டைக் காப்பாற்றுவதா, அதை எடுத்துவிட்டு அடியில் இருக்கும் இலை வடிவக் கோடுகளைக் காட்டுவதா.

மின்னும் ஓடு வேண்டுமென்றால் 800-க்குக் கீழே போகாதீர்கள், விரல்நுனி அழுத்தம் போதும். அந்த மினுமினுப்பு அரகோனைட் அடுக்குகளிலிருந்து வருவது, அடுக்கு மெல்லியது. ஓரிடத்தில் வண்ணம் மங்கினால் உடனே அந்த இடத்தை விட்டு நகருங்கள்.

இலைக் கோடு வேண்டுமென்றால் 400-ல் தொடங்கி ஓட்டை மெதுவாக உரியுங்கள். அறைத் தடுப்பு ஓட்டைத் தொடும் இடம்தான் அந்தக் கோடு. தடுப்பின் விளிம்பில் மடிப்பு அதிகம், உள்ளே போகப்போக மடிப்பு குறைந்து வளைவாகிவிடும். ஆக, ஓடு போனதும் நிறுத்திவிட வேண்டும். மேலும் தேய்த்தால் மயிரிழை வேலைப்பாடாக இருந்த கோடு மொண்ணையாகிவிடும்.

11. மேலே பூச்சு வேண்டுமா

வேண்டாம் என்பது என் கட்சி. தெளிவான வார்னிஷ் அடித்தால் பத்து நிமிடத்தில் 2000 நம்பர் வேலை 3000 போலத் தெரியும், பலர் அதற்காகத்தான் அடிக்கிறார்கள். பூச்சு நாளடைவில் மஞ்சளாகும், கீறல் விழும், தூசி ஒட்டும். எண்ணெய் இன்னும் மோசம், விரிசலில் இறங்கிக் கறையாக நிற்கும், பின்னால் பசை பிடிக்காது. மெல்லிய மைக்ரோகிரிஸ்டலைன் மெழுகு ஒரு துளி தடவித் துடைத்தால் போதும், கைரேகை படாது. உதிரும் இயல்புள்ள கல்லுக்கு மட்டும் தேய்ப்பதற்கு முன்பே பாராலாய்ட் பி-72 என்ற பிசினை அசிட்டோனில் நீர்க்கக் கரைத்து ஊறவிடலாம். அருங்காட்சியகங்களில் அதைப் பயன்படுத்தக் காரணம், வேண்டாமென்றால் அசிட்டோனாலேயே திரும்ப எடுத்துவிடலாம் என்பது.

12. வைக்கும் இடமும் சீட்டும்

வினிகர், எலுமிச்சை, அமிலம் கலந்த கிளீனர் எதுவும் பக்கத்தில் வரக்கூடாது. ஒரு சொட்டுத் தெறித்தாலும் அந்த இடம் மங்கிவிடும், மறுபடி 1200-லிருந்து தொடங்க வேண்டும். தூசிக்கு உலர்ந்த மென்துணி போதும். எபாக்ஸி இருக்கிற கல்லை நேர் வெயிலில் வைத்தால் அடைத்த இடம் மஞ்சளாகும். ஓக் மரப் பெட்டிக்குள் மூடி வைக்காதீர்கள், அந்த மரம் விடும் அமில ஆவி ஓட்டின் மேல் வெள்ளைப் பூப்பாகப் படியும்.

பைரைட் கலந்த கல்லைத் தனியாக, காய்ந்த இடத்தில் வையுங்கள். காற்றின் ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் ஆபத்து. சாம்பல் மஞ்சள் பொடியும் கந்தக வாடையும் வந்தால் உள்ளே கந்தக அமிலம் உருவாகிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அதைக் கழுவாதீர்கள், தண்ணீர் அதை வேகப்படுத்தும். உலரவைத்து, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடுங்கள்.

கடைசியாக, பின்பக்கத்தைப் பாலிஷ் போடாமல் விட்டு அங்கே சின்னதாக ஒரு எண் எழுதுங்கள். அந்த எண்ணுக்குச் சீட்டில் எழுத வேண்டியவை: என்ன உயிரினம், எந்த ஊர், எந்தப் பாறை அடுக்கு, எந்தக் காலம், எந்த அறைகளை எபாக்ஸியால் அடைத்தீர்கள், எங்கே ஒட்டினீர்கள். மொராக்கோ கல்லுக்கு ஆர்த்தோசெராஸ் என்று கடைக்காரர் சொன்னதை அப்படியே எழுதுவதைவிட நேர் ஓட்டுக் கணவாய்க் குலம் என்று பொதுவாக எழுதுவது பாதுகாப்பு. உண்மையான ஆர்த்தோசெராஸ் பேரினம் பால்டிக் பகுதியின் ஆர்டோவீசியக் காலப் பாறைகளுக்கு உரியது, மொராக்கோவில் விற்பவை பெரும்பாலும் அதன் உறவினர்கள். விற்கவோ கொடுக்கவோ போகிறீர்கள் என்றால் அந்தச் சீட்டும் கல்லோடு போகட்டும்.